டெம்போ டிராவலர் கேரவனுக்கு லித்தியம் பேட்டரி: மதுரை வெயிலைத் தாங்குற மாதிரி எப்படி அமைக்கலாம்?

வைகை_வடகரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றும் வேலை நடக்கிறது. கரூரில் பாடி முடிந்து வண்டி மதுரைக்கு வந்துவிட்டது. மரவேலை பாதி முடிந்திருக்கிறது, வயரிங் இன்னும் தொடங்கவில்லை. வண்டி 12 வோல்ட். பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். கொடைக்கானல் மேல்மலைக்குப் போனாலும் ராமேஸ்வரம் கடற்கரைக்குப் போனாலும் ஈபி கரண்ட் இல்லாமல் மூன்று நாள் ஓட வேண்டும்.

ஓட வேண்டியவை: 50 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ், 12 வோல்ட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, எல்இடி விளக்கு நான்கு, தண்ணீர் மோட்டார், 32 இஞ்ச் டிவி, லேப்டாப், நான்கு போன், 750 வாட் மிக்ஸி. சமையலுக்குக் கேஸ் அடுப்பு உண்டு. மழை நாளில் உள்ளேயே இண்டக்‌ஷனில் சோறு வைக்க முடிந்தால் நல்லது. ஒரு டன் ஏசியும் போடச் சொல்கிறார்கள்.

வீட்டில் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டும் ஒரு ஹோம் யூபிஎஸ்ஸும் சும்மா கிடக்கின்றன. இவற்றை வைத்தே ஒப்பேற்றலாமா, லித்தியம் கட்டாயமா? எத்தனை ஏஎச் போதும்? 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? டைனமோவிலிருந்து நேரடியாக சார்ஜ் ஏற்றலாமா? எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, கத்திரி வெயிலில் மூடிய வண்டிக்குள் இந்த பேட்டரி தாங்குமா என்பது. இது தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.


தல்லாகுளம்_டிசி

அண்ணே, முதல்ல ஒரு நாள் செலவை யூனிட்ல போட்டுப் பாத்துருவோம். பேட்டரி அளவு தானா வந்துரும்.

பிரிட்ஜ் ஓடும்போது 45 முதல் 50 வாட் இழுக்கும். சமவெளி வெயில்ல பாதி நேரம் கம்ப்ரசர் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதனால ஒரு நாளைக்கு 0.58 யூனிட். மேல்மலையில இதுல பாதி போதும். ஃபேன் ரெண்டும் 25 வாட் வீதம் ஒன்பது மணி நேரம், 0.45. விளக்கு 0.1. போனும் லேப்டாப்பும் சேர்ந்து 0.2. டிவி மூணு மணி நேரம், 0.12. மிக்ஸி ஆறு நிமிசம், 0.08. தண்ணீர் மோட்டார் கணக்குல சேக்கவே வேண்டாம். ஆகமொத்தம் ஒன்றரை யூனிட்டும் கொஞ்சமும். இண்டக்‌ஷன் 1500 வாட்ல அரை மணி நேரம்னா முக்கால் யூனிட், இன்வெர்ட்டர் இழப்போட 0.85.

கணக்குப் போடுற எல்லாரும் விட்டுடுறது ஒண்ணு உண்டு. 2000 வாட் இன்வெர்ட்டர் எந்த லோடும் இல்லாம சும்மா ஆன்ல இருந்தாலே 20 வாட் அளவுக்குத் தின்னும். 24 மணி நேரத்துக்கு 0.48 யூனிட். பிரிட்ஜ் செலவுக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால இன்வெர்ட்டருக்கு டிரைவர் சீட் பக்கம் ரிமோட் சுவிட்ச் வைங்க, மிக்ஸியும் இண்டக்‌ஷனும் டிவியும் ஓடும்போது மட்டும் போடுங்க. டிவியே 12 வோல்ட் அடாப்டர் மாடலா இருந்தா இன்வெர்ட்டர் இல்லாமலே ஓடும்.

280 ஏஎச் லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் செல் நாலு சீரிஸ்ல போட்டா 12.8 வோல்ட், 3.58 யூனிட். 85 முதல் 90 சதவீதம் வரை எடுத்தா 3.1 யூனிட் கையில கிடைக்கும். வெயிலே இல்லாட்டியும் இண்டக்‌ஷன் இல்லாம ரெண்டு நாள் ஓடும். மூணாவது நாளுக்கு சோலாரும் டைனமோவும் கைகொடுக்கணும்.

டியூபுலர் ரெண்டையும் போட்டா எழுத்துல 300 ஏஎச். ஆனா அந்த 150ங்கிற அளவு 20 மணி நேரத்துல மெதுவா இறக்கினா கிடைக்குறது. மிக்ஸி, இண்டக்‌ஷன்னு வேகமா இழுத்தா வோல்டேஜ் படுத்துரும். பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா ஆயுசும் குறையும். ரெண்டும் சேர்ந்து 110 கிலோவுக்கு மேல, செல் நாலும் 22 கிலோதான். மலைப்பாதையில ஆசிட் தளும்புறதும், சார்ஜ் ஏறும்போது வர்ற ஹைட்ரஜன் வாயுவும் ஆள் தூங்குற இடத்துல வேண்டாம். டியூபுலர் வீட்டுலயே இருக்கட்டும்.

ஏசியை பேட்டரில ஓட்டுற எண்ணத்தை இந்த அளவுக்கு விட்டுருங்க. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி சராசரியா 600 வாட் இழுத்தா எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். மொத்த பேட்டரியும் காலியாகி அதுக்கு மேலயும் கேக்கும். கூரையில 400 வாட் பேனல் வச்சுக்கிட்டு அதை மறுநாள் நிரப்பவும் முடியாது. ஏசி வேணும்னா ஈபி சாக்கெட் கிடைக்குற இடத்துல மட்டும் ஓடுற மாதிரி தனி லைன் போட்டுக்கங்க.

24 வோல்ட்டும் தேவையில்ல. வண்டி 12, பிரிட்ஜ் 12, ஃபேன் 12. இன்வெர்ட்டர் 2000 வாட்டைத் தாண்டினாத்தான் 12 வோல்ட்ல கேபிள் தடிமன் கட்டுப்படியாகாமப் போகும்.


கோச்சடை_வயரிங்

டைனமோ கேள்விக்கு வருகிறேன். நேரடியாகக் கொடுக்காதீர்கள். லித்தியத்தின் உள் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, அதனால் டைனமோ எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவையும் மணிக்கணக்கில் உறிஞ்சும். வண்டி ஐட்லில் நிற்கும்போது டைனமோவின் ஃபேன் வேகமும் குறைவு. சூடு தலைக்கேறி டயோடோ காயிலோ போய்விடும். இன்னொன்று, செல் நிறைந்ததும் பிஎம்எஸ் (செல்லைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) சட்டென்று இணைப்பைத் துண்டிக்கும். அந்த நொடியில் டைனமோவின் வோல்டேஜ் குதிக்கும். ரெக்டிபையரும் வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவும் அந்த அடியைத் தாங்க வேண்டியிருக்கும்.

பழைய முறையில் வைக்கும் வோல்டேஜ் பார்க்கும் ரிலேவும் வேண்டாம். அது 13.3 வோல்ட்டில் சேரும், 12.8ல் பிரியும். லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.2ல் நிற்பதால், இன்ஜினை அணைத்த பிறகும் ரிலே பிரியாது. உங்கள் லித்தியம் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை வண்டி பேட்டரியைத் தாங்கிக்கொண்டே இருக்கும். டியூபுலரையும் லித்தியத்தையும் பேரலலில் போடச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். நிறைந்த டியூபுலர் 12.7 வோல்ட். லித்தியம் ஏறத்தாழக் காலியாகும்வரை டியூபுலர் எதுவுமே கொடுக்காது, சுமை மட்டும்தான் மிச்சம்.

வைக்க வேண்டியது, டைனமோ கரண்டை அளவோடு லித்தியத்துக்குக் கொடுக்கும் டிசி டு டிசி சார்ஜர். 30 ஆம்ப் போதும். விக்ட்ரான் ஓரியன் 12/12-30 இந்த வகைதான், லித்தியத்துக்கான செட்டிங் உள்ள வேறு நல்ல தயாரிப்பும் சரி. மணிக்கு 0.4 யூனிட் ஏறும். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் என்றால் 1.4 யூனிட் ஏறியிருக்கும், கிட்டத்தட்ட ஒரு நாள் செலவு. வண்டி பேட்டரியிலிருந்து சார்ஜர் வரை 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் இழுங்கள், வண்டி பேட்டரி முனையிலேயே 60 ஆம்ப் பியூஸ் போடுங்கள். கேபிளின் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது, ஆகவே லித்தியம் பக்கத்திலும் ஒரு பியூஸ் வேண்டும். பிஎஸ்6 வண்டிகளில் டைனமோ வோல்டேஜ் தானாக ஏறி இறங்கக்கூடும். அதனால் சார்ஜர் வோல்டேஜைப் பார்த்து இன்ஜின் ஓடுகிறதா என்று கண்டுபிடிக்கும்படி விடாமல், இக்னிஷனிலிருந்து ஒரு சிக்னல் வயர் கொடுத்துவிடுங்கள்.

ஹோம் யூபிஎஸ் வேண்டவே வேண்டாம். அதன் சார்ஜர் டியூபுலருக்கு ஏற்ப அமைந்தது. சில மாடல்கள் ஈக்வலைஸ் என்று 15 வோல்ட்டைத் தாண்டும், பிஎம்எஸ் உடனே அறுத்துவிடும். பேட்டரி லோ என்று அது சொல்வது 10.5 வோல்ட் பக்கம். அந்த நேரத்தில் நான்கு செல்லில் ஒன்று ஏற்கெனவே 2.5க்குக் கீழே போயிருக்கும். சிறிய சைன்வேவ் யூபிஎஸ் 1500 வாட் இண்டக்‌ஷனைத் தூக்கவும் தூக்காது. 2000 வாட் ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

அதன் கேபிளில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். முழு லோடில் பேட்டரியிலிருந்து 180 முதல் 190 ஆம்ப் ஓடும். 70 ஸ்கொயர் ஃப்ளெக்ஸிபிள் காப்பர், போகவர இரண்டு மீட்டருக்குள். ஒரே ஒரு லக்கில் (கேபிள் முனையில் அழுத்தும் உலோகக் காது) ஒரு மில்லி ஓம் கூடுதலாக இருந்தால்கூட 180 ஆம்பில் 32 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் கிளம்பும். சால்டரிங் அயன் அளவு அது. இன்சுலேஷன் உருகும், பக்கத்துப் பலகை கருகும். லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் அறுகோண டை வைத்து அழுத்துங்கள், மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

பியூஸ் 225 ஆம்ப் கிளாஸ் டி (Class T). கார் ஸ்டீரியோக்காரர்கள் போடும் ஏஎன்எல் பியூஸ் மெயினுக்கு ஆகாது. ஒரு செல்லின் உள் ரெசிஸ்டன்ஸ் கால் மில்லி ஓம் அளவுதான். நான்கும் சேர்ந்து ஒரு மில்லி ஓம். ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், அதை அறுக்கும் திறன் பியூஸுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கம்பி உருகிய பிறகும் ஆர்க் நிற்காது. வீட்டு எம்சிபியை டிசி மெயினில் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், காரணம் அதேதான்.


சிலைமான்_சோலார்

வெயில் பற்றி வைகை_வடகரை கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. வெளிநாட்டு வீடியோக்கள் முழுக்க "ஜீரோ டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதே" என்றுதான் பேசும். அது உண்மைதான், ஆனால் நமக்கு அந்தப் பிரச்சினை கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் எப்போதாவது வரலாம், அவ்வளவே. பிஎம்எஸ்ஸில் சார்ஜ் குறைந்தபட்ச வெப்பம் 5 டிகிரி என்று வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம். மதுரையில் பேட்டரியைத் தின்பது சூடு.

டேட்டாஷீட்டில் 6000 சைக்கிள் என்று போட்டிருப்பது 25 டிகிரியில் சோதித்த கணக்கு. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் செல் மூப்படையும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். வெளியே 40 டிகிரி அடிக்கும் மே மாதத்தில் ஜன்னல் மூடி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 55ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் பேட்டரி நூறு சதவீதம் நிறைந்து சும்மா கிடப்பதுதான் மிகக் கெட்ட நிலை. ஓட்டித் தேய்வதைவிட இப்படி நின்று தேய்வது அதிகம்.

ஆகவே வண்டி வீட்டில் நிற்கும் வாரங்களில் 50, 60 சதவீதத்தில் விடுங்கள். சோலார் சார்ஜரில் வோல்டேஜை 13.6 என்று குறைத்தால் போதும் எனச் சிலர் சொல்வார்கள். போதாது. நாள்கணக்கில் நின்றால் 13.6லேயே 95 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். பேனலுக்கும் சார்ஜருக்கும் நடுவே டிசி ஐசொலேட்டர் ஒன்று வைத்து, வண்டியை நிறுத்தியதும் அதை அணைத்துவிடுங்கள். பிரிட்ஜையும் அணைத்தால் பாதி நிறைந்த பேட்டரி மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இடம்: பின்கட்டில் கட்டிலுக்கு அடியில், வண்டியின் நடுப்பக்கம். சைலன்சர் போகும் பக்கத்தைத் தவிர்க்கவும். தகரத் தரையில் நேரடியாக வைக்காமல் 25 எம்எம் ரீப்பர் கட்டையில் தூக்கி வையுங்கள், தார் ரோட்டுச் சூடும் இன்ஜின் சூடும் தரை வழியாகத்தான் ஏறும். பெட்டிக்குக் கீழே ஒரு காற்றுவழி, எதிர்ப்பக்கம் மேலே ஒன்று, அதில் 120 எம்எம் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. 38 டிகிரியில் ஓடும்படி சின்ன தெர்மோஸ்டாட் போதும். காற்று ஆள் இருக்கும் பகுதியிலிருந்து வரட்டும்.

பலர் செய்யும் ஒரு தவறு: பெட்டி அழகாக இருக்கிறதே என்று டிசி டு டிசி சார்ஜரையும் இன்வெர்ட்டரையும் பேட்டரியோடு அதற்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். 30 ஆம்ப் சார்ஜர் முழு வேகத்தில் ஓடினால் 50 வாட்டுக்கு மேல் சூடாகவே வெளியே தள்ளும். மூடிய பெட்டிக்குள் மூன்று மணி நேரம் அந்தச் சூடு செல்மீது இறங்கினால் கொடைக்கானல் போய்ச் சேரும்முன் பிஎம்எஸ் ஹை டெம்பரேச்சர் என்று சார்ஜை நிறுத்திவிடும். நடுவில் ஒரு தடுப்புப் பலகை, அந்தப் பக்கம் தனிக் காற்றோட்டம் வேண்டும்.

பேனல் 200 வாட் இரண்டு. மதுரை 10 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் கூரையில் படுக்கையாக வைத்தாலே பெரிய இழப்பில்லை, சாய்வு ஸ்டாண்டுக்குச் செலவு செய்யாதீர்கள். கூரைக்கும் பேனலுக்கும் 40 எம்எம் இடைவெளி விட்டால் பேனலும் குளிரும், கூரைக்கும் நிழல். தெளிந்த வெயில் நாளில் 1.4 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையில் மேல்மலை மேகத்துக்குள் நின்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பெரிது.

இரண்டையும் சீரிஸில் கொடுங்கள். பேரலலில் போட்டால் சூடேறிய பேனலின் வோல்டேஜ் இறங்கிவிடும். பல எம்பிபிடிக்கு (சோலார் சார்ஜர்) சார்ஜ் தொடங்கவே பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக வேண்டும், 13.3க்கு மேல் 5 என்றால் 18.3. சீரிஸில் அந்தத் தொல்லை கிடையாது. 100 வோல்ட் 30 ஆம்ப் எம்பிபிடி பொருந்தும். இணைக்கும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில்.


வைகை_வடகரை

ரொம்ப நன்றி சார், இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். ரெடிமேட் 12.8 வோல்ட் பேட்டரியாக வாங்கலாமா, செல் வாங்கிக் கட்டலாமா? டவுன்ஹால் ரோட்டில் விசாரித்ததில் மின்சார ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய செல் மலிவாகத் தருகிறேன் என்றும் ஒருவர் சொன்னார். அடுத்தது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்க்க வோல்ட் மீட்டர் போதாதா?


தல்லாகுளம்_டிசி

ஸ்கூட்டர் செல்லைத் தொடாதீங்க அண்ணே. பெரும்பாலும் அது நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகை. வேற வோல்டேஜ், நாலு சீரிஸ்ல 12 வோல்ட் சிஸ்டத்துக்குச் சரியா பொருந்தாது. அதோட சூடானா தானே தீயை வளர்த்துக்குற குணம் அதுக்கு அதிகம். பிள்ளைகள் தூங்குற கட்டிலுக்கு அடியில அது வேண்டாம். பாஸ்பேட் செல் மட்டும்தான்.

வோல்ட் மீட்டர் போதாது. 90 சதவீதத்துல 13.3, 40 சதவீதத்துல 13.1. அதுலயும் பிரிட்ஜ் ஓடினா ஒரு எண், ஓடாட்டி ஒரு எண். 12.8ஐப் பாக்குறப்போ கடைசிக் கட்டத்துக்கு வந்திருப்பீங்க. 500 ஆம்ப் ஷன்ட் (கரண்டை அளக்குற பட்டை) ஒண்ணு நெகட்டிவ்ல வச்சு, உள்ள போறதையும் வெளிய வர்றதையும் எண்ணுற மீட்டர் போடுங்க. எல்லா நெகட்டிவ் வயரும் ஷன்ட்டுக்கு அந்தப் பக்கமாத்தான் சேரணும். ஒரே ஒரு எர்த் வயர் நேரா பேட்டரிக்குப் போனாலும் கணக்கு தப்பிரும்.


செல்_கட்டுறவன்

ரெடிமேட் என்றால் வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பிஎம்எஸ் தொடர்ச்சியாக எத்தனை ஆம்ப் தாங்கும்? வெப்ப சென்சார் செல்மீதே ஒட்டியிருக்கிறதா? ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் போனில் பார்க்க முடியுமா? 100 ஆம்ப் பிஎம்எஸ் உள்ள பேட்டரியில் உங்கள் இண்டக்‌ஷனும் 1500 வாட்டில் ஓடாது, கட் ஆகிவிடும். ஒரே பேட்டரியில் 200 ஆம்ப் வேண்டும்.

செல் வாங்கிக் கட்டுவதானால் வரிசை இதுதான். நான்கு செல்லும் வந்ததும் வோல்டேஜ் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 3.2 முதல் 3.3க்குள் நான்கும் ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தள்ளி நின்றால் திருப்பி அனுப்புங்கள். பிறகு டாப் பேலன்ஸ், அதாவது நான்கு செல்லையும் ஒரே அளவுக்கு முழுதாக நிரப்புவது. நான்கையும் பேரலலில் போட்டு 3.65 வோல்ட் பவர் சப்ளையில் விடு என்று எல்லாரும் சொல்வார்கள். அது 1120 ஏஎச் ஆகிவிடும். செல் பாதி நிறைந்து வந்திருந்தாலும் 10 ஆம்ப் சப்ளையில் இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும். முதலில் சீரிஸில் பிஎம்எஸ் போட்டு 14.4 வோல்ட் சார்ஜரில், ஏதாவது ஒரு செல் 3.6 தொடும்வரை ஏற்றுங்கள். அதன்பின் பிரித்துப் பேரலலில் போட்டு 3.65ல் விட்டால் மிச்சம் சில மணி நேர வேலைதான். சப்ளையின் வோல்டேஜை மீட்டர் வைத்து, செல்லில் மாட்டும் முன்பே 3.65க்கு வைத்துவிட வேண்டும். மாட்டிய பிறகு குமிழைத் திருகக் கூடாது. அப்படித் திருகித்தான் செல் உப்புகிறது.

பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) மாட்டும்முன் டெர்மினலை நைஸ் எமரி பேப்பரால் தேய்த்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அலுமினியம் தேய்த்த சில நிமிடத்திலேயே மறுபடி ஆக்சைடு படியும், உடனே மாட்டுங்கள். டெர்மினலுக்கும் பஸ்பாருக்கும் நடுவே வாஷர் வரவே கூடாது, வாஷர் எல்லாம் நட்டுக்கு அடியில்தான். எம்6 ஸ்டட்டுக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்து. அதற்கு மேல் போனால் ஸ்டட் புரி பிடுங்கிக்கொண்டு வரும், செல் பாழ்.

வண்டிக்கு என்பதால் இரண்டு விஷயம் கூடுதல். பஸ்பார் நெளியும் வகையாக இருக்கட்டும். கெட்டியான பட்டையைப் போட்டால் காட் ரோட்டுக் குலுக்கலில் ஒவ்வொரு ஆட்டமும் ஸ்டட்டில் இறங்கும். செல்லின் அலுமினியக் கூடும் மின்னழுத்தத்தில்தான் இருக்கிறது, மேலே இருப்பது மெல்லிய நீலத் தாள் மட்டும். அது உராய்ந்து கிழிந்தால் பக்கத்துச் செல்லோடு ஷார்ட். ஒவ்வொரு செல்லுக்கும் நடுவே எபாக்ஸி ஷீட் வையுங்கள், இரு கோடியிலும் 12 எம்எம் பிளைவுட், நீளமான புரி வெட்டிய ராடு நான்கு, செல் அசையாத அளவுக்கு முறுக்கினால் போதும்.

பிஎம்எஸ்ஸில்: செல் ஓவர் வோல்டேஜ் 3.65, லோ கட் 2.8, பேலன்ஸ் தொடங்குவது 3.42. சார்ஜர் எல்லாவற்றையும் 14.2 வோல்ட்டில் வையுங்கள், ஃப்ளோட் (நிறைந்த பிறகு நிற்கும் வோல்டேஜ்) 13.4. 14.6 வரை ஏற்றுவதால் கிடைக்கும் கூடுதல் சக்தி ஒன்றிரண்டு சதவீதம்கூட இல்லை. இன்வெர்ட்டரின் லோ கட் 12 வோல்ட். கடைசியில் அறுப்பது பிஎம்எஸ்ஸாக இருக்கக் கூடாது, அதற்கு முன்பே இன்வெர்ட்டரும் பிரிட்ஜும் தாமாக நிற்க வேண்டும். பிஎம்எஸ் அறுத்துவிட்டால் பல மலிவு எம்பிபிடிக்கு பேட்டரி வோல்டேஜே தெரியாது. வெயில் கொளுத்தினாலும் சார்ஜ் தொடங்காது, வேறு ஒரு 12 வோல்ட்டைக் காட்டித்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.

இன்வெர்ட்டரை முதன்முதலில் இணைக்கும்போது அதன் கெப்பாசிட்டர் நிறைய ஒரு பெரும் கரண்ட் பாயும். பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று நினைத்து அறுக்கும், லக்கிலும் பொறி பறக்கும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை நடுவில் வைத்துச் சில நொடி நிரப்பிவிட்டு, பல்பு அணைந்ததும் கேபிளை மாட்டுங்கள்.


கரூர்_பாடிவேலை

ஐயா, மரவேலை பாதிதான் முடிந்தது என்றீர்கள், ஆகவே இப்போதே பார்த்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையும் பேட்டரி அறையும் ஒரே தரைமட்டத்தில் ஒன்றோடொன்று திறந்திருக்கக் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கி ஓடி வந்து கீழே இருக்கும் பெட்டிக்குள்தான் இறங்கும். அங்கே ரிலேயும் சுவிட்சும் பொறி விடும். சிலிண்டர் அறைக்குத் தரையில் வெளிப்பக்கம் திறந்த ஓட்டை வேண்டும், பேட்டரி பக்கச் சுவர் முழுக்க அடைத்திருக்க வேண்டும்.

பேட்டரிப் பெட்டியை பிளைவுட்டில் ஸ்க்ரூ அடித்து நிறுத்தாதீர்கள். தரைக்கு அடியில் சேசிஸ் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட வேண்டும். சடன் பிரேக்கில் 25 கிலோ பெட்டி முன்னால் வரும் வேகத்தை பிளைவுட் ஸ்க்ரூ பிடிக்காது.

ஆர்சியில் மோட்டார் கேரவன் என்று வகை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. இன்சூரன்ஸிலும் அந்த மாற்றத்தை எழுதிக் கொடுத்துப் பதிவு வாங்கிக்கொள்ளுங்கள்.


கோச்சடை_வயரிங்

230 வோல்ட் பக்கம் யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தகர வண்டிக்குள் ஷாக் அடித்தால் வீட்டைவிட மோசம், கை வைக்கும் இடமெல்லாம் உலோகம். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அறுக்கும் பிரேக்கர்) கட்டாயம். ஆனால் இன்வெர்ட்டர் அவுட்புட்டில் நியூட்ரலும் எர்த்தும் ஒரு இடத்தில் சேர்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும். மலிவு இன்வெர்ட்டர்களில் இரண்டு முனையும் பாடிக்கு 115 வோல்ட் காட்டும், அவற்றில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்தால் இன்வெர்ட்டரே போய்விடும். மேனுவலில் அதற்கு அனுமதி உள்ள மாடலாக வாங்குங்கள். வெளி ஈபி சாக்கெட்டுக்கு மாறும்போது பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் சேஞ்ச்ஓவர் வேண்டும். அப்போது இன்வெர்ட்டரின் அந்த இணைப்பும் பிரிந்துவிட வேண்டும்.

ஈபியில் ஏற்ற 40 ஆம்ப் லித்தியம் சார்ஜர் போதும். சுவரிலிருந்து மூன்று ஆம்ப் கூட இழுக்காது, சத்திரத்திலோ லாட்ஜிலோ சாதாரண சாக்கெட்டில் மாட்டினாலே ஏழு மணி நேரத்தில் நிறையும்.


வைகை_வடகரை

எல்லாருக்கும் நன்றி. 280 ஏஎச் நான்கு செல், 200 ஆம்ப் பிஎம்எஸ், 30 ஆம்ப் டிசி சார்ஜர், 400 வாட் பேனல், 2000 வாட் இன்வெர்ட்டர், ஏசிக்கு ஈபியில் மட்டும் தனி லைன் என்று முடிவு செய்துவிட்டேன். யூபிஎஸ் வீட்டிலேயே இருக்கட்டும். ராமேஸ்வரம் உப்புக் காற்றுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?


சிலைமான்_சோலார்

செய்ய வேண்டும். லக் எல்லாம் டின் பூசியதாக வாங்குங்கள், வெறும் காப்பர் லக் கடற்கரையில் சீக்கிரமே பச்சை பூக்கும். கூரையில் பேனல் கனெக்டர் வெறுமனே தொங்கக் கூடாது. பிராக்கெட்டில் கட்டி, வாய் கீழே பார்க்கும்படி வையுங்கள். பேனல் பிரேமுக்கும் கூரைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு அலுமினியத்தோடு தொடும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள். திரும்பி வந்ததும் பேனலையும் கூரையையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

முதல் காட் ரோட்டுப் பயணம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் பாருங்கள். இண்டக்‌ஷனை 1500 வாட்டில் பத்து நிமிடம் ஓட விட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு லக்கையும் பஸ்பாரையும் பியூஸ் முனையையும் காட்டி அளங்கள். பளபளக்கும் உலோகத்தில் அந்த மீட்டர் குறைத்துக் காட்டும், அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து இணைப்பைவிட 10 டிகிரி கூடுதலாக ஒன்று காட்டினால் அதைக் கழற்றித் தேய்த்து மறுபடி மாட்டுங்கள்.